ஊஞ்சல்ல இருந்து இறங்க மாட்டேங்குறான், கொட்டுச் சத்தம் கேட்டா விறைச்சுக்குறா: வாசகர் கேள்வி பதில்

லீவு நேரம் வந்தாலே நமக்கு வர்ற கடிதங்கள்ல பாதி இதான், பார்க், பீச், நீச்சல்குளம், கல்யாணம், திருவிழா, தியேட்டர்னு எங்க போனாலும் பிள்ளைக்கு தாங்க முடியல, பேசாம வீட்லயே இருந்துடவானு. சிலர் பிள்ளைக்காக கேக்குறாங்க, சிலர் தனக்காகவே கேக்குறாங்க. இந்த தடவை அதுல கொஞ்சத்தை எடுத்து நிதானமா பதில் எழுதியிருக்கேன். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அதாவது அன்றாட வேலைகளை அவங்கவங்க செய்ய உதவுற சிகிச்சையாளர், அதனால என் பதில் உடம்பு, புலன், இடம் இதைப் பத்தித்தான் இருக்கும், மருந்து விஷயத்துக்கு உங்க டாக்டர்தான். வீட்லயே இருங்கனு மட்டும் ஒரு பதில்லயும் சொல்ல மாட்டேன், அதை முதல்லயே சொல்லிடுறேன்.

கேள்வி: என் பையனுக்கு 7 வயசு, ஆட்டிசம். சாயங்காலம் பார்க்குக்கு போனா ஊஞ்சல் மட்டும்தான் வேணும், இறங்கவே மாட்டான். மத்த பசங்க நிக்குறாங்களேனு இறக்கினா தரையில விழுந்து கத்துறான், தலைய முட்டிக்கிறான். ஒரு பெரியவர் எல்லார் முன்னாடியும் "ரெண்டு போட்டா சரியாயிடும், செல்லம் கொடுத்து கெடுத்து வெச்சிருக்கே"னு சொல்லிட்டாரு. அதுல இருந்து பார்க் பக்கமே போகல. இது அடமா, வேற ஏதாவதா? (திருச்சி வாசகி)

பதில்: அடம் இல்லம்மா. அடம் பிடிக்கிற குழந்தை நடுநடுவுல நாம பாக்குறோமானு ஓரக்கண்ணால பாக்கும், கேட்டது கெடச்சதும் அழுகை நின்னுடும். உங்க பையன் மாதிரி குழந்தைக்கு அந்த நேரம் ஊஞ்சலை திருப்பிக் கொடுத்தாலும் உடனே நிக்காது, யார் பாக்குறாங்கன்னு அவனுக்கு தெரியவும் தெரியாது, முடிஞ்சப்புறம் துவண்டு போய் கிடப்பான். அதை மெல்ட்டவுன்னு சொல்றோம், அது அவன் கையில இல்ல. அடிச்சா இன்னும் ஏறும், நிக்காது.

ஊஞ்சல் ஏன் அவ்வளவு வேணும்னா, நம்ம உள்காதுல உடம்போட அசைவையும் சாய்வையும் கண்டுபிடிச்சு மூளைக்கு சொல்ற ஒரு அமைப்பு இருக்கு, வெஸ்டிபுலார் புலன்னு பேரு. அதே மாதிரி தசையிலயும் மூட்டுலயும் இருந்து "கை இங்க இருக்கு, கால் இங்க இருக்கு"னு சேதி போயிட்டே இருக்கும், அது ப்ரோப்ரியோசெப்ஷன். அமெரிக்காவுல ஜீன் ஏயர்ஸ்னு ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் 1960கள், 70கள்ல இதையெல்லாம் வெச்சுத்தான் சென்சரி இன்டக்ரேஷன், அதாவது எல்லாப் புலன்ல இருந்தும் வர்ற சேதியை மூளை ஒண்ணு சேர்க்குறதுங்கிற கருத்தை கொண்டுவந்தாங்க. அவங்க கருத்துல எல்லாமே நிரூபணம் ஆயிடுச்சுனு சொல்ல முடியாது, ஆனா ஆட்டிசம் உள்ளவங்களுக்கு புலன் உணர்வு கூடவோ குறைச்சலாவோ இருக்கும்ங்கிறதை 2013ல வந்த டிஎஸ்எம்-5, அதாவது ஆட்டிசமானு கண்டுபிடிக்க டாக்டர்கள் வெச்சுப் பாக்குற கையேடு, அடையாளங்கள்ல ஒண்ணாவே சேர்த்திருக்கு. உங்க பையன் உடம்பு அசைவைத் தேடுது, ஊஞ்சல் அதைக் கொடுக்குது, அது திடீர்னு நிக்கும்போது அவனுக்கு காலுக்கு கீழ தரையே போன மாதிரி ஆயிடுது.

அதனால ஊஞ்சலை நிறுத்துற விதத்தை மாத்துங்க. இறக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே "இன்னும் பத்து ஆட்டம்"னு சொல்லி அவன் பாக்குற மாதிரி விரலை மடக்கிக்கிட்டே எண்ணுங்க, ஒவ்வொரு எண்ணுக்கும் வேகத்தை கொறைங்க, கடைசி ரெண்டு மூணு ஆட்டம் மெதுவா முன்னப்பின்ன இருக்கணும். நின்னதும் வெறுமனே கூட்டிட்டு போகாதீங்க, உடனே தசைக்கு வேலை கொடுங்க, சறுக்குமரத்துல ஏறுறது, கம்பியில தொங்குறது, தண்ணி பாட்டில் போட்ட பையை தூக்கிட்டு ஒரு ரவுண்டு, தம்பி உட்கார்ந்திருக்கிற சைக்கிளை பின்னாடி இருந்து தள்ளுறது. பெரும்பாலான பிள்ளைங்களை அமைதிப்படுத்துறது இந்த கனமான வேலைதான், அப்புறமா வேணும்னா மறுபடி ஊஞ்சல். சுத்துற ராட்டினத்துல மட்டும் ஜாக்கிரதை, முகம் வெளுக்குறது, வேர்க்குறது, காரணமில்லாம அடக்கமுடியாம சிரிக்கிறது இதுல எது வந்தாலும் அப்பவே நிறுத்திடுங்க, சுத்துறதோட பாதிப்பு அப்ப தெரியாது, சில நேரம் வீட்டுக்கு வந்தப்புறம்தான் வெளிய வரும்.

நேரத்தையும் மாத்திப் பாருங்க, காலையில 6 மணிக்கு நடக்குறவங்கதான் இருப்பாங்க, ஊஞ்சல் காலியா இருக்கும், அங்க பழகினப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டம் இருக்கிற நேரத்துக்கு போகலாம். மீறி மெல்ட்டவுன் வந்துட்டா பேச்சைக் குறைங்க, தலைக்கு அடியில உங்க கையையோ துப்பட்டாவையோ மடிச்சு வைங்க, சுத்தி நிக்குறவங்களை நகரச் சொல்லுங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. இன்னொரு விஷயம், தலை முட்டுறது புதுசா வந்திருந்தாலோ கூடிட்டே போனாலோ காது வலி, பல் வலி இருக்கானு கண்டிப்பா டாக்டர்கிட்ட காட்டுங்க, சொல்லத் தெரியாத பிள்ளை வலியை இப்படித்தான் காட்டும். அந்த பெரியவருக்கு நீங்க விளக்கம் சொல்ல வேண்டியதில்ல, "இவனுக்கு ஆட்டிசம்ங்க, கொஞ்சம் இடம் விடுங்க"னு ஒரு வரி போதும், அதுக்கு மேல பேசினா கண்டுக்காதீங்க. பார்க் உங்க பையனுக்கும் சொந்தம், நாளைக்கே போங்க.

கேள்வி: எங்க மகளுக்கு 22 வயசு, செரிபரல் பால்சி (மூளை முடக்குவாதம்), வீல்சேர்ல இருக்கா. நல்லா புரிஞ்சுக்குவா, பாட்டுன்னா உயிர். ஆனா கல்யாண வீட்லயோ கோவில் திருவிழாவுலயோ வேட்டு போட்டாலோ திடீர்னு கொட்டு அடிச்சாலோ உடம்பே தூக்கிப் போட்டு அப்படியே விறைச்சுக்குது, கை கால் நீட்டிக்குது, வீல்சேர்ல இருந்து சரியிறா. சொந்தக்காரங்க "பாவம் அவளை ஏன் கஷ்டப்படுத்துறீங்க, வீட்ல விட்டுட்டு வாங்க"ங்கிறாங்க. அவளுக்கு வரணும்னு ஆசை. (மதுரை வாசகர்)

பதில்: ஐயா, அவளுக்கு வரணும்னு ஆசை இருக்குனு எழுதியிருக்கீங்க பாருங்க, முடிவு அதுலயே இருக்கு. இது பயமோ பிடிக்காமையோ இல்ல. பிறந்த குழந்தைங்க சத்தம் கேட்டா துள்ளி விழும்ல, அந்த அனிச்சை மத்தவங்களுக்கு வளர வளர அடங்கிடும், செரிபரல் பால்சி உள்ள நிறைய பேருக்கு பெரியவங்களானப்புறமும் பலமாவே இருக்கும். அவ சந்தோஷமா கேட்டுட்டு இருக்கும்போதே கூட வரும். புலன் சிக்கல்னாலே ஆட்டிசம்னு மட்டும் நினைக்கிறாங்க, அது சரியில்ல.

முதல்ல உட்காரும் விதம். இடுப்பு நல்லா மடங்கி பின்னாடி ஒட்டி, இடுப்பு பெல்ட் போட்டு, பாதம் ரெண்டும் ஃபுட்ரெஸ்ட்ல முழுசா பதிஞ்சு இருந்தா உடம்பு நீட்டி விறைக்கிறது குறையும், கால் தொங்கிட்டு இருந்தா கூடும். ரெண்டாவது, முன்கூட்டியே சொல்றது, "இப்ப வேட்டு போடப் போறாங்கம்மா"னு முன்னாடி வந்து நின்னு சொல்லுங்க, பின்னாடி இருந்து தோளைத் தொடாதீங்க, எதிர்பார்த்த சத்தத்துக்கு துள்ளல் பெரும்பாலும் குறைவாத்தான் வரும். கல்யாண வீடுன்னா நாதஸ்வரக்காரங்ககிட்ட முந்தியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க, கெட்டிமேளம் நேரம் யாராவது ஒருத்தர் அவளுக்கு கையைக் காட்டட்டும், கேட்டா செய்யாத தவில்காரர் யாரும் இருக்க மாட்டாங்க.

மூணாவது, தூரம். திறந்த வெளியில தூரம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும், ஸ்பீக்கர் பாக்ஸ்ல இருந்து 5 மீட்டர்ல இருக்கிறதை 20 மீட்டர் ஆக்கினா 12 டெசிபல் போயிடும், அது பெரிய வித்தியாசம். ஸ்பீக்கருக்கு நேரா இல்லாம பக்கவாட்டுல இடம் பாருங்க, தும் தும்னு வர்ற பேஸ் சத்தம் தரை வழியா வீல்சேர்லயும் அதிரும், அதையும் கையை வெச்சுப் பாருங்க. காதுல பஞ்சு வைக்கிறது ரொம்ப பிரயோஜனம் இல்ல, காதை முழுசா மூடுற இயர்மஃப் வாங்குங்க, நல்லதா இருந்தா 20ல இருந்து 30 டெசிபல் வரை குறைக்கும். ஆனா நாள் பூரா மாட்டி விட்டுடாதீங்க, எப்பவுமே போட்டிருந்தா காது சாதாரண சத்தத்தைக் கூட தாங்காமப் போகும், வேட்டு நேரத்துக்கு போட்டு பாட்டு நேரத்துக்கு கழட்டிடுங்க, பாட்டுக்காகத்தானே வர்றா.

பட்டாசு சத்தம் வெடிக்கிற இடத்துல இருந்து 4 மீட்டர்ல 125 டெசிபலுக்கு மேல போகக்கூடாதுனு நம்ம நாட்டு விதியே இருக்கு, அந்த அளவே எந்தக் காதுக்கும் ரொம்ப அதிகம். கச்சேரி மாதிரி இடங்கள்ல சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாதுனு உலக சுகாதார நிறுவனம் 2022ல சொல்லியிருக்கு. அதனால விழாக் கமிட்டிகிட்ட ஸ்பீக்கரை கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேக்குறப்போ ஏதோ உங்க மகளுக்காக சலுகை கேக்குறதா கூச்சப்படாதீங்க, அங்க மடியில உட்கார்ந்திருக்கிற எல்லா கைக்குழந்தைக்கும் சேர்த்துத்தான் கேக்குறீங்க.

கேள்வி: நான் நீச்சல் கோச். இந்த வருஷம் எங்க பேட்ச்ல ஆட்டிசம் உள்ள ரெண்டு பசங்க சேர்ந்திருக்காங்க. ஒருத்தன் தண்ணியைப் பாத்தாலே ஆழத்துக்கு ஓடுறான், வெளிய வர மாட்டான். இன்னொருத்தன் படிக்கட்டுல கால் வைக்கவே மாட்டான், விசில் அடிச்சா காதைப் பொத்திட்டு ட்ரெஸ்ஸிங் ரூமுக்கு ஓடிடுறான். எனக்கு சொல்லிக்கொடுக்க ஆசை, எப்படினு தெரியல. (கோவை வாசகர்)

பதில்: உங்களை மாதிரி ஒருத்தர் கேட்டு எழுதுறது எனக்கு எவ்வளவு சந்தோஷம்னு சொல்ல முடியல சார், பல இடத்துல "எங்களுக்கு ட்ரெயினிங் இல்ல"னு அட்மிஷனே கொடுக்க மாட்டேங்குறாங்க.

முதல் பையனுக்கு தண்ணி சுகமா இருக்கு. கழுத்து வரை தண்ணியில நின்னா உடம்பு முழுக்க எல்லாப் பக்கமும் இருந்து ஒரு அழுத்தம் கிடைக்கும், தரையில எந்த உடையும் எந்த அணைப்பும் அந்த அளவுக்கு கொடுக்காது, அதுல அவன் உடம்பு அடங்குது. ஆனா பயமே இல்லாததுதான் ஆபத்து. ஆட்டிசம் உள்ள குழந்தைங்க இறப்புக்கு தண்ணியில மூழ்குறது முக்கியமான காரணங்கள்ல ஒண்ணுனு அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்ப சொல்லுது, பல பிள்ளைங்க வீட்ல யாரும் கவனிக்காத நேரம் கிணறோ குளமோ தேடிப் போயிடுறாங்க. அதனால இவனுக்கு முதல் பாடம் கை கால் அடிச்சு நீந்துறது இல்ல, மல்லாந்து மிதக்குறது, சுவர் பக்கம் திரும்பி வந்து விளிம்பைப் பிடிக்கிறது, கோச் சொன்னாத்தான் இறங்குறது. தண்ணியில இருக்கிற நேரம் முழுக்க ஒருத்தர் கைக்கெட்டுற தூரத்துலயே இருக்கணும், செல்போன் கையில இல்லாம. பெற்றோர்கிட்ட வலிப்பு இருக்கானு எழுதி வாங்கிக்குங்க, ஆட்டிசம் உள்ளவங்கள்ல வலிப்பு மத்தவங்களை விட அதிகம், இருந்தா டாக்டர் எழுதிக் கொடுக்காம இறக்காதீங்க.

ரெண்டாவது பையனுக்கு தண்ணி பிரச்சனையா வேறயானு முதல்ல கண்டுபிடிங்க. விசிலுக்கு ஓடுறவனுக்கு விசிலே வேண்டாம், கையைத் தூக்குறது, சிவப்பு துணி காட்டுறதுனு மாத்துங்க, காதுல தண்ணி போன பசங்களுக்கும் அது நல்லாத்தான் புரியும். குளோரின் வாசனை ட்ரெஸ்ஸிங் ரூம்ல தேங்கி நிக்கும், கூரை போட்ட குளம்னா சத்தம் எதிரொலிச்சு ஒண்ணா குழம்பும், ஷவர் தண்ணி ஊசி குத்துற மாதிரி இருக்குனு சொல்ற பிள்ளைங்க உண்டு, அவனுக்கு மக்குல மொண்டு ஊத்திக்க விடுங்க. காலை நேரத்துல தண்ணி சில்லுனு இருந்தா வெயில் ஏறின பேட்சுக்கு மாத்துங்க. முழங்கை வரை மூடுற டைட்டான நீச்சல் டிரெஸ் சிலருக்கு உதவும், தண்ணி ஒட்டுற உணர்வு குறையும். முதல் வாரம் விளிம்புல உட்கார்ந்து காலை மட்டும் நனைக்கட்டும், யாரும் இழுத்துப் போடக்கூடாது. தள்ளி விட்டா தானா வந்துடும்னு நம்ம ஊர்ல ஒரு பழைய பழக்கம் இருக்கு, இந்த பிள்ளைங்ககிட்ட அதை செஞ்சா வருஷக்கணக்குல தண்ணிப் பக்கமே வர மாட்டாங்க.

இன்னைக்கு என்னென்ன செய்யப் போறோம்னு 4 படம் வரைஞ்சு ஒரு அட்டையில ஒட்டி நனையாத கவர் போட்டு குளத்தோரம் வெச்சுடுங்க, செருப்பு, ஷவர், தண்ணி, துண்டுனு. முடிஞ்சதுக்கு அப்புறம் என்னனு தெரிஞ்சா முதல் பையனும் வெளிய வருவான், கூடவே ஒரு கனமான துண்டுல இறுக்கமா சுத்தி விடுங்க, தண்ணி கொடுத்த அழுத்தம் டக்குனு போறதைத்தான் அவனால தாங்க முடியல.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல பொங்கல், தீபாவளி, ஆண்டு விழா எல்லாம் ஹால்ல நடக்கும். சிறப்புக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் சில இருக்கு, பாதியிலயே கிளம்பிடுறாங்க. ஒரு சென்சரி ரூம், அதாவது புலனுக்கு இதமா ஒரு ரூம், வைக்கலாம்னு அசோசியேஷன்ல பேசினோம், கம்பெனிக்காரங்க லட்சக்கணக்குல கொட்டேஷன் கொடுக்குறாங்க. கம்மி செலவுல முடியுமா? (சென்னை வாசகி)

பதில்: தாராளமா முடியும். நீங்க கொட்டேஷன்ல பாத்த குமிழி விடுற ட்யூப், கலர் கலரா மின்னுற நார் விளக்கு இதெல்லாம் 1970கள்ல நெதர்லாந்துல ஹார்டென்பெர்க்னு ஒரு இல்லத்துல ஆரம்பிச்ச ஸ்னூசலன்ங்கிற முறையில இருந்து வந்தது. தீவிர அறிவுசார் குறைபாடு உள்ள பெரியவங்க பொழுதுபோக்கா அனுபவிக்கட்டும்னுதான் அதை ஆரம்பிச்சாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா உங்களுக்கு வேண்டியது அது இல்ல, விழா நடக்குற நேரத்துல கொஞ்சம் ஒதுங்கி மூச்சு விட்டுட்டு திரும்பி வர ஒரு இடம்.

ஹாலுக்கு பக்கத்துல, கதவு சாத்தினா சத்தம் குறையுற ஒரு ரூம், ஜிம்மோ ஆபீஸோ எதுவா இருந்தாலும் சரி. பழைய சோக் போட்ட ட்யூப்லைட்டை அணைச்சுடுங்க, அது நொடிக்கு 100 தடவை மினுக்கும், நம்ம கண்ணுக்கு தெரியாட்டியும் சிலருக்கு அது தொல்லை, ஓரமா ஒரு மஞ்சள் பல்பு போதும். தரையில பாய், ரெண்டு தலகாணி, ஒரு கனமான ஜமுக்காளம், சத்தம் போடாத ஃபேன், குடிக்க தண்ணி, ஒரு டப்பாவுல கையில வெச்சு பிசையுற மாதிரி பொருட்கள், புளியங்கொட்டை போட்ட துணிப்பை கூட போதும், சின்னப் பசங்க வாயில போடாம தச்சிருக்கணும். ஊதுபத்தி, ரூம் ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். ரெண்டு இயர்மஃப் வாங்கி மாட்டி வைங்க. வீல்சேர் திரும்ப இடம் விடுங்க, பெரியவங்களுக்கும் டயப்பர் மாத்த வேண்டியிருக்கும்னு நினைவு வெச்சு ஒரு நீளமான பெஞ்சும் திரையும் போட்டா அந்த குடும்பங்கள் உங்களை மறக்கவே மாட்டாங்க. எல்லாம் சேர்த்து சில ஆயிரத்துல முடிஞ்சுடும்.

பொருளை விட முக்கியம் அந்த ரூமை எப்படி பயன்படுத்துறீங்கங்கிறது. குழந்தை சத்தம் போட்டதும் "அந்த ரூமுக்கு கூட்டிட்டு போங்க"னு யாராவது கை காட்ட ஆரம்பிச்சா அது தண்டனை ரூம் ஆயிடும், நான் இதை சில இடத்துல பாத்து மனசு கஷ்டப்பட்டிருக்கேன். போறதும் வர்றதும் அவங்க இஷ்டம், அவங்க அங்க இருக்கும்போது வேடிக்கை பாக்க வேற பசங்க வரக்கூடாது. விழாவையே கொஞ்சம் மாத்தவும் பாருங்க, முதல் ஒரு மணி நேரம் மைக் இல்லாம கோலம், உறியடி, சாப்பாடுனு வெச்சுட்டு டிஜே எல்லாம் பின்னாடி தள்ளுங்க, நிகழ்ச்சி நிரலை முன்னாடியே வாட்ஸ்அப்ல போடுங்க, எத்தனை மணிக்கு சரவெடி, எப்ப லைட் அணைப்பீங்கனு. நொடிக்கு 3ல இருந்து 30 தடவை வரை வெட்டி வெட்டி அடிக்கிற டிஸ்கோ லைட் வேண்டவே வேண்டாம், வலிப்பு உள்ளவங்கள்ல 100க்கு சுமார் 3 பேருக்கு அது வலிப்பைத் தூண்டும்.

இங்கிலாந்துல சண்டர்லாண்ட் கால்பந்து மைதானத்துல 2015ல, ஆட்டிசம் உள்ள பையனோட பெற்றோர் கேட்டதால கண்ணாடி போட்ட ஒரு அமைதியான ரூம் கட்டிக் கொடுத்தாங்க, உள்ள உட்கார்ந்து மேட்ச் முழுசா பாக்கலாம். அந்த யோசனையை எடுத்துக்குங்க, உங்க ரூம்ல இருந்தும் மேடை தெரியுற மாதிரி ஒரு ஜன்னல் இருந்தா, இல்லாட்டி ஒரு போன்ல வீடியோ கால் போட்டு சத்தத்தைக் குறைச்சு வெச்சா, தன்னோட அக்கா ஆடுறதை அந்த பிள்ளையும் பாக்கும்.

கேள்வி: எனக்கு 29 வயசு, ஐடி வேலை, போன வருஷம்தான் ஆட்டிசம்னு தெரிஞ்சது. படம் பாக்க ரொம்ப பிடிக்கும், ஆனா தியேட்டர்ல சத்தம், ஏசி, பக்கத்து சீட் சென்ட் எல்லாம் சேர்ந்து இடைவேளைக்குள்ள தலை வெடிக்குது. அடுத்த நாள் முழுக்க படுத்தே கிடக்கேன். ஹெட்போன் போட்டுட்டு உட்கார்ந்தா ஃப்ரெண்ட்ஸ் சிரிக்கிறாங்க. பெரிய ஆளா ஆகியும் இதெல்லாம் தேவையா? (ஓசூர் வாசகர்)

பதில்: தேவைதான் தம்பி. வயசு ஆனா புலன் மாறிடாது, வெளிய காட்டாம அடக்கிக்க பழகியிருப்பீங்க, அந்த அடக்குற வேலைதான் அடுத்த நாள் படுக்க வைக்குது. அதனால ஒரு படத்தோட விலை டிக்கெட் காசு மட்டும் இல்லனு கணக்கு போட்டு, மறுநாள் வேலை இல்லாத நாளா பாத்து போங்க, அன்னைக்கே மால், ஹோட்டல்னு சேர்க்காதீங்க.

சீட் கடைசி வரிசைக்கு ஒண்ணு ரெண்டு முன்னாடி, நடைபாதை ஓரம், சுவர்ல மாட்டியிருக்கிற ஸ்பீக்கருக்கு நேர் கீழ இல்லாம. படம் ஆரம்பிச்சு பத்து நிமிஷம் கழிச்சு உள்ள போங்க, விளம்பர சத்தம் மிச்சம். முதல் நாள் முதல் ஷோ விசில் எல்லாம் உங்களுக்கு வேண்டாம், ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலைக் காட்சி போய்ப் பாருங்க, பாதி தியேட்டர் காலியா இருக்கும். சத்தத்தைக் குறைச்சு வசனம் மட்டும் தெளிவா கேக்க விடுற சின்ன இயர்ப்ளக் இப்ப கிடைக்குது, வெளிய தெரியாது, ஆனா தெரிஞ்சா என்ன, கண்ணாடி போடுறவங்களை யாரும் சிரிக்கிறதில்லையே. சென்ட் தாங்கலைனா மாஸ்க் போடுங்க, ஏசிக்கு முழுக்கை ஸ்வெட்டர். பசி, தாகம், பாத்ரூம் போகணும்னு உடம்புக்குள்ள இருந்து வர்ற உணர்வு ஆட்டிசத்துல பல பேருக்கு லேட்டாத்தான் தெரியும், தலை வெடிக்கிறதுல பாதி தண்ணி குடிக்காததாக் கூட இருக்கலாம், போன்ல அலாரம் வெச்சுக் குடிங்க.

அமெரிக்காவுல ஏஎம்சி தியேட்டர்கள் 2007ல இருந்தே சில காட்சிகளை லைட்டை முழுசா அணைக்காம, சத்தத்தைக் குறைச்சு, எழுந்து நடந்தாலும் யாரும் ஒண்ணும் சொல்லாத மாதிரி போடுறாங்க. நம்ம ஊர்ல உங்களை மாதிரி பெரியவங்க கேட்டாத்தான் இங்கயும் வரும், பிள்ளைங்க சார்பா பெற்றோர் மட்டும் கேட்டுட்டு இருந்தா இது குழந்தைங்க விஷயம்னே நினைச்சுடுவாங்க. ஒரு தியேட்டர் மேனேஜர்கிட்ட மாசம் ஒரு காலைக் காட்சி கேட்டுப் பாருங்க. ஃப்ரெண்ட்ஸ்கிட்ட ஒரு தடவை உட்கார வெச்சு சொல்லிடுங்க, சொன்னப்புறமும் சிரிக்கிறவங்க கூட படத்துக்கு போகணுமானு நீங்கதான் முடிவு பண்ணணும்.

கேள்வி: கனமான ஜாக்கெட், கனமான போர்வை விளம்பரம் நிறைய வருது. வெளிய போறப்போ போட்டு விட்டா பிள்ளை அமைதியா இருக்கும்ங்கிறாங்க, வாங்கலாமா? (சேலம் வாசகி)

பதில்: அவசரப்பட்டு வாங்காதீங்க. ஜாக்கெட்டுக்கு உறுதியான ஆதாரம் எதுவும் இல்ல. போர்வையை 2014ல இங்கிலாந்துல ஆட்டிசம் உள்ள குழந்தைங்ககிட்ட சோதிச்சாங்க, தூக்கம் கூடல, ஆனா குழந்தைங்களும் பெற்றோரும் அந்த கனமான போர்வையைத்தான் விரும்பினாங்க. அதனால பிள்ளைக்கு பிடிச்சா ஒரு சுகத்துக்கு வெச்சுக்கலாம், மருந்தா நினைக்க வேண்டாம், தானா தள்ளி எடுக்கத் தெரியாத பிள்ளைக்கும் சின்னக் குழந்தைக்கும் கூடவே கூடாது. நம்ம சித்திரை வெயில்ல ஜாக்கெட்டோட பார்க்குல விடுறதை நினைச்சாலே எனக்கு பயமா இருக்கு. முதுகுல ஒரு சின்னப் பை, அதுல தண்ணி பாட்டிலும் அவன் துண்டும், அதுவே போதும்.

கேள்வி: மகனுக்கு 14 வயசு, அறிவுசார் குறைபாடு, வலிப்புக்கும் மாத்திரை சாப்பிடுறான். கடல்னா கொள்ளை ஆசை. ஆனா மணல்ல கால் வைக்க மாட்டான், தூக்கிட்டு போக இப்ப எங்களால முடியல. வெயில் சுடுறதும் அவனுக்கு தெரியல, முகம் செவந்து போனாலும் விளையாடிட்டே இருக்கான். (செங்கல்பட்டு வாசகி)

பதில்: மெரினாவுல 2022 நவம்பர்ல மாற்றுத்திறனாளிகளுக்காக கடல் பக்கம் வரை மரப் பாதை போட்டாங்க, அடுத்த மாசமே மாண்டஸ் புயல்ல உடைஞ்சு, அப்புறம் சரி பண்ணினாங்க. வீல்சேருக்காக போட்டதுதான், ஆனா மணல் ஒட்டுறதைத் தாங்க முடியாத உங்க மகனுக்கும் அது வழிதான், கூச்சப்படாம பயன்படுத்துங்க. மத்த பீச்னா இறுக்கமான சாக்ஸோ ரப்பர் ஷூவோ போட்டு விடுங்க, ஈர மணல் காஞ்ச மணலை விட பலருக்கு சுலபமா இருக்கும், ஒரு பாயை விரிச்சு அதுல இருந்து ஒரு அடி, ரெண்டு அடினு பழக்குங்க.

வெயில் விஷயத்தை லேசா விடாதீங்க. டோபிராமேட், ஜோனிசமைடு மாதிரி சில வலிப்பு மாத்திரைகள் வேர்வையைக் குறைக்கும், உடம்பு சூடு உள்ளயே ஏறும், அவன் சாப்பிடுறது அதுவானு டாக்டர்கிட்ட கேளுங்க, ஆனா நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. அவனுக்கு சூடு தெரியலைங்கிறதால நேரத்தை நீங்க பாக்கணும், காலையில போனா 8 மணிக்குள்ள பீச்சை விட்டு கிளம்பிடுங்க, இல்ல 5 மணிக்கு மேல போங்க, கால் மணிக்கு ஒரு தடவை நிழல், தண்ணி, கழுத்துல ஈரத் துண்டு. தண்ணிக்குள்ள வேண்டாம், அலை ஓரம்தான், அதுவும் பெரியவங்க ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு.

கேள்வி: நான் பார்வையற்றவன், தினமும் பார்க்ல வாக்கிங் போவேன். நாலு மூலையிலயும் ஸ்பீக்கர் மாட்டி பாட்டு போடுறாங்க, எனக்கு எதிர்ல வர்ற காலடி, சைக்கிள், கேட் சத்தம் எதுவும் கேக்க மாட்டேங்குது, ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டேன். குறைக்கச் சொன்னா "எல்லாரும் விரும்பிக் கேக்குறாங்க சார்"னு சொல்றாங்க. இதைக் கேக்க எனக்கு உரிமை இருக்கா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இருக்கு சார், சட்டத்துலயே இருக்கு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ல 29வது பிரிவு, பொழுதுபோக்குல மத்தவங்களுக்கு சமமா கலந்துக்க வழி செய்றது அரசோடதும் உள்ளாட்சியோடதும் பொறுப்புனு சொல்லுது. 30வது பிரிவு விளையாட்டைப் பத்தினது, அதுல பல புலன்களுக்கும் ஏத்த வசதிகள் செஞ்சு கொடுக்கணும்னே எழுதியிருக்கு. குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல்னு 2000ம் வருஷத்து ஒலி மாசு விதியும் இருக்கு. பாக்குறவங்களுக்கு அந்தப் பாட்டு வெறும் பின்னணி, உங்களுக்கு அது வழியையே மறைக்குது, இதை அப்படியே மனுவுல எழுதுங்க.

பாட்டையே நிறுத்தச் சொன்னா எதிர்ப்பு வரும், அதனால செய்யக்கூடிய மாதிரி கேளுங்க, நடைபாதை ஓரம் இருக்கிற ஸ்பீக்கரை மட்டும் கழட்டணும், மிச்சத்தை நுழைவாயில் பக்கம் வெச்சு சத்தத்தைக் குறைக்கணும், காலை 5ல இருந்து 7 வரை போடவே கூடாதுனு. அதே மனுவுல நடைபாதை விளிம்புல காலுக்கு தெரியுற மாதிரி கோடு போட்ட டைல்ஸும் சேர்த்துக் கேளுங்க. பெங்களூர்ல கிலிகிலினு பெற்றோர்கள் சேர்ந்து நடத்துற அமைப்பு இப்படி மாநகராட்சி கூட உட்கார்ந்து பேசித்தான் பொதுப் பார்க்குகள்ல எல்லாக் குழந்தைங்களும் விளையாடுற இடங்களை உருவாக்கிச்சு, நம்ம ஊர்ல முடியாததுக்கு காரணம் இல்ல. மனுவை மாநகராட்சி கமிஷனருக்கு ஒண்ணு, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு ஒண்ணு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல நடக்குற குறைதீர்க்கும் நாள்ல நேர்ல ஒண்ணு கொடுத்து ரசீது வாங்கிக்குங்க, யுடிஐடி அட்டை, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை, அதோட நகலை வெச்சுடுங்க. பதில் வரலைனா மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு எழுதலாம். உங்க பார்க்குக்கு வர்ற ஆட்டிசம் பிள்ளைங்களோட பெற்றோர், காது மிஷின் போட்ட தாத்தாக்கள் இவங்ககிட்டயும் ஒரு கையெழுத்து கேளுங்க, காது மிஷின் எல்லா சத்தத்தையும் சேர்த்துத்தான் கூட்டும், அவங்களுக்கும் அந்த ஸ்பீக்கர் பெரும் தொல்லையாத்தான் இருக்கும்.